அட்டவணைக் கேள்விகளில் புள்ளி நழுவுவது ஏன்?

கருத்துணர்தல் தேர்வு என்றதும் பெற்றோரும் மாணவரும் முதலில் எண்ணுவது சொல்வளத்தைத்தான். அருஞ்சொற்களுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும், நீண்ட பத்தியை விரைவாக வாசிக்கப் பழக வேண்டும், மையக் கருத்தைப் பிடிக்கத் தெரிய வேண்டும் என்று மாதக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. திருத்திக் கொடுக்கப்பட்ட பயிற்சித் தாளைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். நீண்ட பத்திகளையொட்டி வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியான விடையைத் தெரிவு செய்த அதே மாணவர், கால் பக்கம்கூட இல்லாத ஓர் அட்டவணையில் சறுக்கியிருப்பார். அந்த அட்டவணையில் அவருக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இருந்திருக்காது. எண்களும் ஆரம்பப் பள்ளியிலேயே படித்த எண்கள்தாம்.

பிறகு ஏன் தவறு நேர்கிறது?

அட்டவணை என்றால் கணிதம் என்று மொழிப்பாட வகுப்பில் விட்டுவிடுகிறார்கள். கணித வகுப்பிலோ கூட்டு, கழி, சராசரி காண் என்று கணக்கைச் செய்ய வைக்கிறார்களே தவிர, அந்த அட்டவணை என்ன சொல்கிறது என்று கேட்பது குறைவு. இரண்டு பாடங்களுக்கும் நடுவே விழுந்துவிட்ட பிள்ளையாக அட்டவணை நிற்கிறது. உண்மையில் அதுவும் ஒரு பனுவல்தான். பத்தியில் வாக்கியங்கள் விரிந்து கிடக்கின்றன. அட்டவணையில் அவை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் எண் ஒரு முழு வாக்கியத்தின் கடைசிச் சொல். அந்த வாக்கியத்தின் மற்றச் சொற்கள் தலைப்பிலும், மேல் வரிசையிலும், இடப்பக்கத்திலும், அடியில் பொடி எழுத்தில் உள்ள குறிப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாக்கியத்தை முழுமையாகச் சொல்லத் தெரிந்தவருக்குக் கேள்வி எளிது. எண்ணை மட்டும் கண்ணால் தேடிப் பிடிப்பவருக்கு ஒவ்வொரு தெரிவும் சரி போலவே தோன்றும்.

இந்த ஆற்றலைச் சோதிக்காத தேர்வு இன்று குறைவு. 2021 முதல் நடப்பில் உள்ள எஸ்.பி.எம். ஆங்கில வாசிப்புத் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். அதன் முதற் பகுதியில் வரும் எட்டுச் சிறு பனுவல்களில் அறிவிப்பும் விளம்பரமும் வருவது போலவே குறிவரைவோ அட்டவணையோ வரலாம். பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் 'மூவெட்' தேர்வில் 2020 வரை எழுத்துத் தாளின் முதற் கேள்வியே தரவுகளை விவரித்து எழுதுவதாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் மடல் எழுதும் கேள்வி வந்துவிட்டது. ஆகவே அட்டவணையை வாசிக்கப் பழகத் தேவையில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. எழுத்துத் தாளில் ஒரு கேள்வி மாறியதால் வாசிப்புத் தாளில் எண்கள் வராமல் போய்விடுமா?

பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் 'பீசா' ஆய்விலும் பத்திக்கு வெளியே உள்ள பனுவல்கள், அதாவது அட்டவணை, வரைபடம், படிவம் ஆகியவை வாசிப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன. அந்த ஆய்வின் வாசிப்புப் பிரிவில் மலேசியா 2018இல் 415 புள்ளிகளும் 2022இல் 388 புள்ளிகளும் பெற்றது. 2022இல் சிங்கப்பூர் பெற்றது 543. இதில் அட்டவணைக்கு எவ்வளவு பங்கு என்று இந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்ட பழைய கேள்விகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், எங்கே மாணவர் தடுக்கி விழுகிறார் என்பது தெளிவாகும்.

பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் ஆயிரம்

2000ஆம் ஆண்டுத் தேர்வில் வந்த கேள்வி அது. ஒரு நாட்டில் வேலை செய்யும் வயதில் உள்ளவர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்பதை 1995ஆம் ஆண்டுத் தரவுகளோடு ஒரு கிளைப்படமாகத் தந்திருந்தார்கள். உச்சியில் வேலை செய்யும் வயதினர், 2656.5. அதிலிருந்து இரண்டு கிளைகள். தொழிலாளர் அணியில் உள்ளோர் 1706.5; அது 64.2 விழுக்காடு. அணியில் சேராதோர் 949.9, அது 35.8 விழுக்காடு. தொழிலாளர் அணியின் கீழே மீண்டும் இரண்டு கிளைகள். வேலையில் உள்ளோர் 1578.4, அது 92.5 விழுக்காடு. வேலையற்றோர் 128.1, அது 7.5 விழுக்காடு.

வேலை செய்யும் வயதினரில் எத்தனை பேர் தொழிலாளர் அணியில் சேராதவர்கள் என்பது ஒரு கேள்வி. விழுக்காடு வேண்டாம், எண்ணிக்கையை எழுதுக என்று கூடவே சொல்லியிருந்தார்கள். சட்டென்று வரும் விடை 949.9. அதை எழுதியவருக்கு முழுப் புள்ளி கிடையாது. படத்தின் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் எண்கள் ஆயிரக்கணக்கில் தரப்பட்டுள்ளன என்று இருந்தது. ஆகவே சரியான விடை 949,900 பேர். ஒரு நாட்டில் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது பேரும், கூடவே ஒருவரில் பத்தில் ஒன்பது பங்கும் இருப்பதாக எழுதும்போதே கை தயங்கியிருக்க வேண்டும். எண்ணை வாக்கியமாக விரித்துச் சொல்லியிருந்தால் தயங்கியிருக்கும். இதையே பல்தேர்வுக் கேள்வியாக ஆக்கினால் கேள்வி அமைப்பவர் என்ன செய்வார்? 949.9 என்பதை முதல் தெரிவாகவே வைப்பார். படத்தில் கண்ட அதே எண் கண்ணெதிரே நிற்கும்போது அடிக்குறிப்பைத் தேடிப் போகும் பொறுமை எத்தனை மாணவருக்கு இருக்கும்?

அதே படத்தில் இன்னொரு பொறி உண்டு. 7.5 விழுக்காடு வேலையற்றோர் என்றால், எதில் 7.5 விழுக்காடு? வேலை செய்யும் வயதினர் எல்லாரிலும் அல்ல. தொழிலாளர் அணியில் உள்ளவர்களில் மட்டும். மொத்த வயதினரில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 4.8 விழுக்காடாகிவிடும். ஒரே படத்தில், ஒரு கிளை இறங்கியதும் நூறு என்பதன் பொருளே மாறிவிடுகிறது. விழுக்காடு என்ற சொல்லைப் பார்த்த இடத்தில் எல்லாம் 'எதில்?' என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வந்துவிட்டால், அட்டவணைக் கேள்விகளில் அவர் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

அந்தக் கேள்வித் தொகுதியிலேயே மிகவும் சுவையானது கடைசியில் வரும் பாட்டி. சிலரைப் பற்றிய விவரங்களைக் கொடுத்து, ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் அடங்குவர் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் 80 வயதுப் பாட்டி. குடும்பத்தின் சந்தைக் கடையில் இன்னமும் நாள்தோறும் சில மணி நேரம் வேலை செய்கிறார். பார்த்ததும் 'வேலையில் உள்ளவர்' என்று குறிக்கத்தான் தோன்றும். நம் ஊர்ச் சந்தைகளில் பூவும் கீரையும் விற்கும் பாட்டிமாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் வேலை செய்யும் வயது என்பது 15 முதல் 65 வரை என்று அடிக்குறிப்பு வரையறுத்திருக்கிறது. எனவே பாட்டி எந்தப் பிரிவிலும் இல்லை. அவர் உழைக்கவில்லை என்று அட்டவணை சொல்லவில்லை. அவரை எண்ணவே இல்லை என்கிறது. வாழ்க்கையில் உண்மையாக இருப்பதும் அட்டவணையில் உண்மையாக இருப்பதும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இதைவிட எளிமையாக விளக்க முடியாது.

நம்மைப் பற்றிய ஓர் அட்டவணை

அயல்நாட்டுப் படத்தை விட்டு மலேசியாவுக்கு வருவோம். கீழே உள்ளது 2000, 2010, 2020 ஆகிய மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் முடிவுகளிலிருந்து தொகுத்தது. தேர்வுத் தாளில் வரும் அட்டவணைகளின் அளவுதான் இதுவும்.

மலேசிய மக்கள்தொகை

ஆண்டு | மொத்தம் (மில்லியன்) | குடிமக்கள் (%) | இந்தியர் (%)*
2000 | 23.3 | 94.1 | 7.7
2010 | 28.3 | 91.8 | 7.3
2020 | 32.4 | 91.7 | 6.7

*குடிமக்களில் விழுக்காடு

இதையொட்டி ஒரு கேள்வி. மலேசியக் குடிமக்களான இந்தியர்களின் எண்ணிக்கை பற்றிச் சரியான கூற்று எது?

அ. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் முந்தியதைவிடக் குறைந்திருந்தது.
ஆ. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் முந்தியதைவிடக் கூடியிருந்தது.
இ. மூன்று கணக்கெடுப்புகளிலும் ஒரே அளவாக இருந்தது.
ஈ. அட்டவணையைக் கொண்டு கூற இயலாது.

பலரும் பாயும் விடை 'அ'. கடைசி வரிசையில் 7.7, 7.3, 6.7 என்று எண்கள் இறங்குகின்றன அல்லவா? அதோடு, இந்தியர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது என்று கூட்டங்களிலும் தேர்தல் மேடைகளிலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காது வேறு. அட்டவணையும் அதையே சொல்வது போல் தெரிகிறது. அவசரம் இல்லாத மாணவர் சற்று நின்று யோசிப்பார். இது விழுக்காடு, எண்ணிக்கை அல்ல; ஆகவே கூற இயலாது என்று 'ஈ'யைத் தெரிவு செய்வார். அவர் பாதித் தூரம் சரியாக வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு, மற்ற இரண்டு வரிசைகளும் எதற்காக இருக்கின்றன என்று கேட்டிருக்க வேண்டும்.

2000இல் 23.3 மில்லியனில் 94.1 விழுக்காடு குடிமக்கள். அது ஏறக்குறைய 22 மில்லியன். அதில் 7.7 விழுக்காடு என்பது 1.69 மில்லியன். 2010இல் குடிமக்கள் 26 மில்லியன், அதில் 7.3 விழுக்காடு 1.90 மில்லியன். 2020இல் குடிமக்கள் கிட்டத்தட்ட 30 மில்லியன், அதில் 6.7 விழுக்காடு ஏறத்தாழ 2 மில்லியன். எண்ணிக்கை கூடியிருக்கிறது. சரியான விடை 'ஆ'.

எண்ணிக்கை கூடி விழுக்காடு எப்படிக் குறையும் என்று திகைப்பவர்கள் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அண்ணன் தம்பி இருவரின் சம்பளமும் உயர்கிறது. தம்பியின் சம்பளம் வேகமாக உயர்கிறது. அண்ணனுக்கு முன்பைவிட அதிகப் பணம் கிடைத்தாலும், வீட்டு வருமானத்தில் அவர் பங்கு குறைந்துவிடும். இங்கும் அதுதான். இந்தியர்கள் பெருகினார்கள், மொத்தக் குடிமக்கள் அதைவிட வேகமாகப் பெருகினார்கள். பங்கு குறைந்தது என்பது மெய். ஆட்கள் குறைந்தார்கள் என்பது பொய். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் பெரியவர்களிலும் நிறைய உண்டு. பங்கு குறைவதால் வரும் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கவலையைச் சரியான வாக்கியத்தில் சொன்னால்தான் கேட்பவர் மதிப்பார்.

நட்சத்திரக் குறியைக் கவனிக்காதவர்களுக்கும் ஓர் இடறல் காத்திருக்கிறது. 2020இல் இந்தியர் எத்தனை மில்லியன் என்று கேட்டால், 32.4ஐ நேராக 6.7 விழுக்காட்டால் பெருக்கி 2.17 மில்லியன் என்பார்கள். அந்த எண்ணும் தெரிவுகளில் ஒன்றாக இருக்கும். கணக்கில் பிழை இல்லை, வாசிப்பில்தான் பிழை. 6.7 என்பது நாட்டில் உள்ள எல்லாரிலும் அல்ல, குடிமக்களில். குடியுரிமை இல்லாதவர்களை முதலில் கழித்துவிட வேண்டும்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கணிப்பான் தேவைப்படாது. 22ஐ 7.7ஆல், 26ஐ 7.3ஆல், 30ஐ 6.7ஆல் பெருக்கி ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. தெரிவுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தால் தசமத்தைக்கூட விட்டுவிடலாம். மொழித் தேர்வில் நீண்ட பெருக்கலைக் கேட்பது வழக்கமில்லை. தாளின் ஓரம் முழுவதும் கணக்கால் நிரம்பினால், கேள்வியைத் தவறாக வாசித்துவிட்டோமோ என்று ஐயப்படுவது நல்லது.

மூன்று மொழியிலும் ஒரே குழி

அதே அட்டவணையை வைத்து இன்னும் சில கூற்றுகளைப் பார்க்கலாம். "2000க்கும் 2020க்கும் இடையே இந்தியரின் பங்கு 1 விழுக்காடு குறைந்தது." சரியா? 7.7இலிருந்து 6.7 கழிந்தால் 1 வருகிறது. ஆனால் அது ஒரு விழுக்காட்டுப் புள்ளி. 7.7ஐ நூறாகக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்களே சில சமயம் கவனிப்பதில்லை. தேர்வில் இரண்டும் வெவ்வேறு தெரிவுகளாக நின்றால் கவனித்தே ஆக வேண்டும்.

குடிமக்கள் அல்லாதவர்களின் பங்கு 2000இல் 5.9 விழுக்காடு, 2010இல் 8.2 விழுக்காடு. நூறிலிருந்து கழித்தால் கிடைத்துவிடும். இதை 8.2 ஆகக் கூடியது என்றால் சரி. 8.2 கூடியது என்றால் தவறு, கூடியது 2.3 புள்ளிதான். தமிழில் 'ஆக' என்ற ஒரு சிறு சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'டு' செய்கிறது, 'பை' என்று வந்தால் பொருள் மாறிவிடுகிறது. மலாயில் 'கெபாடா', 'செபான்யாக்'. மூன்று மொழிகளையும் படிக்கும் மலேசியத் தமிழ் மாணவர் மூன்று தாளிலும் ஒரே குழியில் விழ வாய்ப்புண்டு. ஒரு மொழியில் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டிலும் தப்பித்துக்கொள்ளவும் முடியும். இந்த அனுகூலம் ஒரே மொழி தெரிந்த மாணவருக்குக் கிடையாது.

அடுத்த கூற்று: "2000 முதல் 2020 வரை இந்தியரின் பங்கு ஆண்டுதோறும் குறைந்து வந்தது." குறைந்தது என்பது சரி. ஆண்டுதோறும் என்று அட்டவணை சொல்லவில்லை. அதில் மூன்றே ஆண்டுகள்தாம் உள்ளன. 2005இல் என்ன, 2013இல் என்ன என்பதற்கு அங்கே கட்டமே இல்லை. 'ஆண்டுதோறும்', 'எப்போதும்', 'எல்லா', 'மட்டும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் தெரிவில் வந்தால் அங்கே விரலை வைத்து நிறுத்த வேண்டும். அவை வந்தாலே விடை தவறு என்று சில வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதுண்டு. அப்படி ஒரு விதி கிடையாது. மூன்று கணக்கெடுப்புகளிலும் குடிமக்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் என்று ஒரு தெரிவு இருந்தால், 'மூன்றிலும்' என்ற சொல்லுக்காக அதை ஒதுக்க முடியுமா? சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.

உண்மையாக இருந்தும் விடையாகாத கூற்று

2020 வரை இருந்த 'மூவெட்' வாசிப்புத் தாளில் சரி, தவறு, கூறப்படவில்லை என்று மூன்று தெரிவுகள் கொண்ட கேள்விகள் வரும். வடிவம் மாறிவிட்டாலும் 'கூறப்படவில்லை' என்பதன் பின்னால் உள்ள சிந்தனை எந்தத் தேர்வையும் விட்டுப் போகவில்லை. பல மாணவருக்கு மிகவும் குழப்பம் தருவதும் அதுதான்.

மேலே உள்ள அட்டவணைக்கு இப்படி ஒரு கூற்றைத் தந்தால் என்ன செய்வது? "இந்தியக் குடும்பங்களில் பிள்ளைப் பேறு குறைந்ததால் அவர்களின் பங்கு குறைந்தது." மலேசிய இந்தியர்களின் பிறப்பு விகிதம் மக்கள்தொகையை நிலைநிறுத்தத் தேவையான 2.1 என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது மெய்தான். வீட்டிலேயே பார்க்கிறார்கள். தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளைகள், அப்பாவுக்கு இரண்டு. ஆகவே 'சரி' என்று குறிக்கக் கை துடிக்கும். ஆனால் அட்டவணையில் பிறப்பு பற்றிய வரிசை எங்கே? ஒன்றும் இல்லை. விடை 'கூறப்படவில்லை'.

இங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தாம் அதிகம் தவறுகிறார்கள். செய்தித்தாள் வாசிப்பவர்கள், பொது அறிவு உள்ளவர்கள், வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்பவர்கள் ஆகியோர் தாங்கள் அறிந்ததையெல்லாம் அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் 'உனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று கடிந்துகொள்வது பொருத்தமற்றது. கேள்வி கேட்பது உலகத்தைப் பற்றியல்ல, இந்தக் காகிதத்தைப் பற்றி என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைப் பார்த்து, நீ கண்டதை மட்டும் சொல் என்பார்கள். அட்டவணையும் அப்படி ஒரு சாட்சி. எத்தனை என்று சொல்லும். எப்போது, எங்கே என்று சொல்லும். ஏன் என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை. 'ஆதலால்', 'காரணமாக', 'இதன் விளைவாக' என்று ஒரு தெரிவு தொடங்கினால், அந்தக் காரணம் அட்டவணையிலோ கூட உள்ள பத்தியிலோ எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

'தவறு' என்பதும் 'கூறப்படவில்லை' என்பதும் எங்கே பிரிகின்றன? அட்டவணை மறுத்தால் தவறு. அட்டவணை வாய் திறக்காவிட்டால் கூறப்படவில்லை. இந்தியரின் பங்கு 2020இல் 2010ஐவிட அதிகம் என்றால், 6.7ஐயும் 7.3ஐயும் காட்டி மறுக்க முடியும்; அது தவறு. இந்தியரில் பெரும்பாலோர் சிலாங்கூரில் வசிக்கிறார்கள் என்றால், மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. மாநிலம் என்ற சொல்லே அங்கு இல்லை. மறுப்பதற்கு எந்தக் கட்டத்தைக் காட்டுவாய் என்று மாணவரைக் கேட்டால் போதும். விரல் வைக்க இடம் கிடைக்காவிட்டால் அவருக்கே விடை தெரிந்துவிடும்.

கேள்வியா, அட்டவணையா, எது முதலில்?

நேரம் போதாது என்ற குறை நியாயமானது. இப்போதைய 'மூவெட்' வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள். பனுவலை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் அட்டவணையைப் பார்க்காதே, நேரே கேள்விக்குப் போ என்று டியூஷன் வகுப்புகளில் சொல்கிறார்கள். இந்த அறிவுரை பாதி சரி. உள்ளே இருக்கும் எண்களை முன்கூட்டியே ஒவ்வொன்றாக வாசிப்பது வீண். முப்பது எண்கள் இருந்தால் கேள்விக்குத் தேவைப்படுவது ஐந்தோ ஆறோதான். ஆனால் ஓரங்களை வாசிக்காமல் கேள்விக்குப் போகக் கூடாது. தலைப்பு, வரிசைத் தலைப்புகள், அளவு, ஆண்டு, அடிக்குறிப்பு, இவற்றை வாசிக்க இருபது விநாடி போதும். அந்த இருபது விநாடியை மிச்சப்படுத்தியவர்கள்தாம் பிறகு இரண்டு தெரிவுகளுக்கிடையே இரண்டு நிமிடம் ஊசலாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தியும் அட்டவணையும் சேர்ந்து வந்தால் இன்னொரு நுட்பம் தேவை. பத்தியில் எழுத்தாளர் ஒரு கருத்தைச் சொல்லியிருப்பார். அட்டவணை அதில் ஒரு பகுதியை மட்டும் ஆதரிக்கும். 'அட்டவணையின்படி' என்று கேள்வி தொடங்கினால் பத்தியில் உள்ளதை விடையாகக் கொள்ளக் கூடாது. 'எழுத்தாளரின் கருத்துப்படி' என்றால் அட்டவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கேள்வியின் முதல் இரண்டு சொற்களைத் தாண்டிக் குதிக்கும் பழக்கத்தால் போகும் புள்ளிகள் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வாசிப்பு நம் பிள்ளைகளுக்கு வராது என்று நினைக்க வேண்டியதில்லை. காற்பந்து லீக் அட்டவணையை அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கவனித்தால் போதும். 2011-12 இங்கிலீஷ் பிரீமியர் லீக் பருவத்தின் முடிவில் மான்செஸ்டர் சிட்டிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் சரிசமமாக 89 புள்ளிகள். இரு குழுக்களுக்கும் 28 வெற்றி, 5 சமநிலை, 5 தோல்வி. கிண்ணம் சிட்டிக்குப் போனது கோல் வித்தியாசத்தால். அவர்களுக்கு 64, யுனைடெட்டுக்கு 56. யுனைடெட் அந்தப் பருவத்தில் அடித்த கோல்களும் 89தான். ஒரே வரிசையில் இரண்டு 89. ஒன்று புள்ளி, மற்றது கோல். காற்பந்து ஆர்வமுள்ள எந்தப் பையனும் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லமாட்டான். புள்ளி சமமானால் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஏன் தெரிகிறது? அந்த எண்கள் அவனுக்கு எண்களாகத் தெரியவில்லை, வாக்கியங்களாகத் தெரிகின்றன.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் இதையொட்டியதே. தனியாக நூல் வாங்க வேண்டாம். காற்பந்து அட்டவணை, பேருந்து நேர அட்டவணை, பால் மாவு டின்னின் பின்புறம் உள்ள சத்துணவு விவரம், செய்தித்தாளில் வரும் எந்த அட்டவணையும் போதும். பிள்ளையிடம் மூன்று வாக்கியங்கள் கேட்கலாம். அட்டவணை சொல்வது ஒன்று. அட்டவணை மறுப்பது ஒன்று. கேட்க உண்மை போல் இருந்தும் அட்டவணையில் இல்லாதது ஒன்று. முதல் இரண்டையும் பிள்ளைகள் விரைவாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதற்கு நேரம் எடுக்கும். பால் மாவு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் கால்சியம் இருக்கிறது, அதனால் குடித்தால் உயரமாக வளரலாம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லும் பிள்ளையிடம், அந்த வாக்கியத்தில் எந்தப் பாதி டின்னில் அச்சிடப்பட்டிருக்கிறது, எந்தப் பாதி விளம்பரத்தில் கேட்டது என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம்.